பருத்த உடலும் பித்தப்பைக் கல்லும்



தலைவர் அவர்கள் நம்மைப் புகழ்ந்ததற்கெல்லாம் பதில் சொல்லிக் கொண்டிருந்தால் வந்த காரியம் நடவாது. நாம் வைத்தியம் படித்தவரல்ல. படித்தவர்கள் கண்டு சொன்னதை நம் புத்திக்கு எட்டிய வரையில் யோசித்துப் பார்த்தே சொல்லுகிறோம். நீங்களும் யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

நம் ஜனங்கள் தொந்தியைச் செல்வத்தின் அடையாளமென்று நினைக்கிறார்கள். பெண்ணானால் "பூசின உடம்பு" என்று புகழ்கிறார்கள். அந்த அம்மாளுக்கே ஒரு நாள் விருந்துண்ட இரவில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்துத் தோள்பட்டை வரை ஏறினால், வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுப்பதும், திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுவதும், அதற்கும் கேட்காவிட்டால் முன்ஜென்ம வினை என்று கைவிடுவதுமாய் இருக்கிறார்கள். அந்த வினை இருக்குமிடம் ஈரலுக்கு அடியில் உள்ள ஒரு சிறு பை!

ஈரல் சுரக்கும் பித்தநீர் அப்பையில் தங்குகிறது. நாம் கொழுப்புத் தின்னும்போது பை சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்புகிறது. உடல் பருக்கப் பருக்க ஈரலானது பித்தநீரில் கொலஸ்டிராலை அதிகமாகத் தள்ளுகிறது. கரையும் அளவுக்கு மிஞ்சினது, பாகு முற்றிக் கற்கண்டு கட்டுவது போலக் கல்லாகிறது. அமெரிக்காவில் 1976ல் தொடங்கிய நர்ஸுகளின் ஆராய்ச்சியில் சுமார் 90 ஆயிரம் பெண்களைக் கவனித்து 1992ல் வெளியிட்ட கணக்குப்படி, மிக மிகப் பருத்தவர்களுக்கு மெலிந்தவர்களைவிடக் கல் வியாதி 7 மடங்கு.

கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. அவர்களை அறுக்கவும் பொதுவாக அவசியமில்லை. ஆனால் கல் நழுவிக் குழாயை அடைத்தால் காமாலை வரும், கணையம் வீங்கும். அக்கணைய வீக்கம் பருத்தவர்களிடத்தில் அதிகக் கடுமையாய் இருக்கிறது.

இதைக் கேட்டு நாளை முதல் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், வேகமாய் இளைத்தாலும் கல் வரும்! பட்டினியில் உடம்பின் கொழுப்பு கரைந்து பித்தநீரில் சேருகிறது. தின்னாததால் பை சுருங்காமல் நீர் தேங்குகிறது. வாரத்திற்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைப்பது இவ்விஷயத்தில் ஆபத்து. உபவாசத்தால் உடம்பு சுத்தமாகிறதென்பவர்களுக்கு இது எப்படி ருசிக்குமோ!

எடை ஒன்றே காரணமென்றால் நாமும் ஜோசியனாகி விடுவோம். ரத்த அணுக்கள் சிதையும் வியாதியுள்ள மெலிந்தவருக்கும் கறுப்புக் கல் உண்டாகும்.

பையை எடுத்தால் பிழைப்போமா என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். 1882ல் பெர்லினில் லாங்கன்புக் என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார், நோயாளி பிழைத்தார். ஆகவே வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ கண்டால், மந்திரிப்பவனைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.