கண்ணியும் கையொப்பமும்

(ஹாலிஎலையில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச அழைத்துவிட்டுச் சிறுத்தையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று உங்களிற் சிலர் முகஞ் சுளிப்பது தெரிகிறது. சம்பளத்துக்கும் வருவோம். ஆனால், தேயிலை மலையில் கம்பிக் கண்ணியிலே ஒரு விலங்கு செத்துக் கிடந்தால், முதலில் சோதனை போடப்படுவது துரையின் பங்களாவா, நமது லயமா?

பதுளையில் அதிகாரஞ் செலுத்திய மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர்மீது வழக்கு இல்லை. அவர் நினைவாக எழுந்த தூய மாற்கு ஆலயமே பதுளையில் இன்றும் நிற்கிறது! யானையைக் கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானங் கொடுத்த காலம் அது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று சிறுத்தையைக் கொல்வது குற்றம். இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்திலே, கருஞ்சிறுத்தையொன்று கண்ணியிற் சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். சில நாட்களில் இறந்தது. மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுது போட்டுவிடும் பன்றியின் கொடுமையை நாம் அறிவோம். அதற்காகக் கண்ணி நியாயமாகிவிடாது. வருவது பன்றியா சிறுத்தையா என்று கம்பிக்குத் தெரியுமா?

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையொன்றை அடித்துக் கொன்றார்கள். அங்கே எடுத்த வீடியோப் படமே சாட்சியாயிற்று. அதைக் கொண்டு ஆட்களைப் பிடித்து மன்றில் நிறுத்தினார்கள். நமது மலைகளில் படம் ஏது? இரவு, ஒரு கம்பி, ஓர் உடல். பிறகு யாரோ எழுதும் வாக்குமூலம்! சிங்களம் வாசிக்கத் தெரியாதவன் அதன் அடியிலே கையொப்பம் வைக்கிறான். பொலிசாரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்க முடியாது என்கிறது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம். ஆனால் நீதவான் முன்னே, என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே தலையாட்டி விட்டால், அந்தச் சட்டம் என்ன செய்யும்? 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நீதிமன்ற மொழி விளங்காத கட்சிக்காரருக்கு அரசே மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. வாய்திறந்து கேளுங்கள்.

"புதைத்து விடுவோம், வழக்கே வராது" என்று நம்மிடமே சொன்னவர்கள் உண்டு. புதைப்பது இன்னொரு குற்றம். கண்ணி வைக்காதவனையும் அது குற்றவாளியாக்கும். உடலைத் தொடாதீர்கள், கம்பியை அவிழ்க்காதீர்கள். எந்த நம்பர் மலை, எத்தனை மணி, கம்பி எந்த மரத்திற் கட்டியிருந்தது, முதலிற் கண்டவர் யார், வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்தவர் யார் — அன்றைக்கே எழுதுங்கள். கையிற் போன் இருந்தால் படமும் எடுங்கள். இறைச்சியை வழக்கமாய் விலைக்கு வாங்குபவர் யார் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை.

டிவிசனுக்கு ஒரு கொப்பி கொண்டு வந்திருக்கிறோம். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். இனிச் சம்பள விஷயம்.