துருப்பிடித்த சவரக் கத்தி

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார் செயலாளர். இரண்டாவது மாடி மாமி வெண்கலப் பானை கொண்டு வந்திருக்கிறார். நான் கொண்டு வந்திருப்பது மடக்குச் சவரக் கத்தி. குழந்தைகள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது. ஒரே துரு. துடைத்தால் 'சோலிங்கன்' என்று முத்திரை. கத்திக்குப் பேர்போன ஜெர்மனி ஊர். வேறு இடத்தில் செய்த கத்தியில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 1938இல் சட்டமே போட்டார்கள்.

கத்தி அப்பாவுடையது இல்லை. எங்களுக்குச் சவரம் செய்த பெரியவருடையது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்து அடைப்பத்தோடு வருவார். வேலையெல்லாம் திண்ணையில்தான். அதைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை. கை நடுங்க ஆரம்பித்ததும், "நீங்களே வெச்சுக்குங்க சாமி" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

துருவை நானே எடுத்தேன். எண்ணெய் விட்டு, நைஸான உப்புத்தாளால், முத்திரையில் படாமல் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். ஆழமான துருக்குழிகளை அப்படியே விட்டுவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். நம் கேட்டுக்கு வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் மேல் தப்பில்லை, அரிவாள்மணைக்கான சக்கரம் அது. ஒரே நிமிடத்தில் முனை நீலமாகிவிட்டது. எஃகு நீலமாவது சுமார் 300 டிகிரி சூட்டில். பதம் போயிற்று என்று அர்த்தம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியவரின் மகன் திருவானைக்காவலில் சலூன் வைத்திருக்கிறார். கூச்சத்தோடு கொண்டுபோய்க் காட்டினேன். திட்டவில்லை. "கல்லுல தண்ணி விட்டுத்தான் சார் தீட்டணும்" என்றார். நான்கு நாள் மத்தியானம், ஆள் வராத நேரத்தில், அரை நூல் அளவுக்கு நீலத்தைத் தேய்த்து எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கத்தியின் கணக்கே புரிந்தது. முதுகும் முனையும் சேர்ந்தே கல்லில் படுகின்றன. முதுகின் கனம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. முனை தேயும்போது முதுகும் தேய்கிறது. எத்தனை வருஷம் தீட்டினாலும் கோணம் அதிகம் மாறாது. நான் எழுதிய எந்த லெட்ஜரும் இவ்வளவு சுத்தமாக டேலி ஆனதில்லை. கடைசியில் தோல்வார். அதில் முதுகு முன்னே போக வேண்டும், மாற்றி இழுத்தால் வார் அறுந்துவிடும்.

ஜில்லெட் 1903இல் விற்பனையைத் தொடங்கினார். முதல் வருஷம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அந்தப் பிளேடுதான் இந்தக் கத்தியை ஓரங்கட்டியது. இன்று சலூனில் ஆளுக்கொரு புது பிளேடு. ரத்தத்தில் பரவும் நோய்களை நினைத்தால் அதுதான் சரி.

"உங்கப்பா கத்தி, நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். "அப்பா குடுத்ததை நான் எப்படி சார் திருப்பி வாங்கறது?" என்று மறுத்துவிட்டார். ஆனால் பெரியவரின் தோல்வார் அவர் கடையில் இருக்கிறது. அதனால் கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் நான் கத்தியோடு போகிறேன். அவர் வாரில் தீட்டி எனக்கு மட்டும் சவரம் செய்கிறார். பிறகு வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுக்கிறார். செவ்வாய்க்கிழமை சவரமா என்று, அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.