செங்கொடியும் நீச்சல் குளமும்

நீச்சலுக்கும் சோஷலிசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். நீந்தத் தெரியாவிட்டால் முதலாளியும் மூழ்குவான், தொழிலாளியும் மூழ்குவான். ஆனாலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1890களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை தொழிலாளர்களுக்கென்றே தனி நீச்சல் சங்கங்கள் இயங்கின. பயிற்சி, போட்டி எல்லாம் தனி. ஒலிம்பிக்குக்கு எதிராக ஒரு தொழிலாளர் ஒலிம்பியாடே நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சி தன் ஆட்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள உண்டாக்கிய ஏற்பாடு இது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நீந்துவதற்குத் தண்ணீரும் ஓய்வு நேரமும் வேண்டும். அன்றைய தொழிலாளிக்கு இரண்டும் கிடையாது. அந்தக் குறையிலிருந்துதான் இந்தச் சங்கங்கள் பிறந்தன, கட்சியின் கணக்கிலிருந்து மட்டும் அல்ல என்பது என் வாதம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். 1917ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வியன்னா நகரக் குடியிருப்புகளில் சுமார் 95 சதவீதத்தில் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை. நடைவழியில் ஒரு குழாய்; அந்த மாடியில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் அதுவே பொது. குளிப்பதற்கே வழியில்லாதவர் நீச்சல் எங்கே பழகுவது? ஏரிக்கோ ஆற்றுக்கோ போகலாமே என்றால், நகரை ஒட்டிய நீர்நிலைகளில் கண்ட இடத்தில் இறங்கக் காவல்துறை விடாது. பெர்லினின் வான்சே ஏரிக்கரையில் பொதுமக்கள் குளிக்கச் சட்டப்படி அனுமதி கிடைத்ததே 1907இல்தான். இருக்கிற விளையாட்டுச் சங்கங்களில் சேர்ந்திருக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி, உடலுழைப்பால் கூலி வாங்குபவர் யாரும் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியாகவே எழுதி வைத்திருந்தது. ஜெர்மனியில் இந்த அளவு வெளிப்படை இல்லை. ஆனால் அங்கிருந்த பெரிய உடற்பயிற்சி அமைப்பு தேசியவாதிகளின் கோட்டை, சோஷலிஸ்டுகளை விரோதிகளாகப் பார்த்தது. 1878 முதல் 1890 வரை பிஸ்மார்க்கின் சட்டம் சோஷலிச அமைப்புகளைத் தடை செய்திருந்தது. சட்டம் காலாவதியானதும் 1893இல் கேரா நகரில் தொழிலாளர் உடற்பயிற்சிக் கூட்டமைப்பு உருவானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நீச்சல்காரர்களும் தனியாக அணி திரண்டார்கள். அரசு இவற்றை விளையாட்டுச் சங்கங்களாகவே ஏற்கவில்லை. 1908ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அரசியல் சங்கங்களில் சேருவதைத் தடுத்தது. அதைக் காட்டித் தொழிலாளர் சங்கங்களிலிருந்து சிறுவர்களை விலக்கி வைத்தார்கள். விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், பழியைத் தொழிலாளர்கள் மேல் மட்டும் போட முடியாது.

அடுத்தது நேரம். 1918க்குப் பிறகு இரண்டு நாடுகளிலும் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. இந்தச் சங்கங்கள் பெருகியதும் அதன் பிறகுதான். வியன்னா நகராட்சி 1919இல் சமூக ஜனநாயகவாதிகளின் கைக்கு வந்தது. 1922இல் நகரம் தனி மாநிலமாகி, வரி விதிக்கும் அதிகாரமும் பெற்றது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் ஆடம்பரங்களின் மேல் வரி போட்டார், வீடுகளுக்கும் குளியல் கூடங்களுக்கும் பணம் வந்தது. தொழிலாளர் வட்டாரமான ஃபாவோரிட்டனில் 1926இல் திறக்கப்பட்ட அமாலியன்பாட், அந்த வட்டாரத்துக் கட்சிப் பெண் தலைவர் அமாலியே பெல்ட்ஸரின் பெயரைத் தாங்கியது. 33 மீட்டர் நீளக் குளம், மேலே திறந்து மூடக்கூடிய கண்ணாடிக் கூரை, ஒரே நேரத்தில் சுமார் 1,300 பேருக்கு இடம். அரண்மனைக்கு இழைப்பது போல ஓடு பதித்திருக்கிறார்கள். இது வீண் செலவு என்று அன்றே எதிர்க்கட்சிகள் சொல்லின. ஆனால் நகராட்சி கட்டிய புதிய குடியிருப்புகளில் தண்ணீரும் கழிப்பறையும் உண்டே தவிரக் குளியலறை கிடையாது. எனவே அந்தக் கூடம் ஒரு தேவை. அலங்காரம் வேண்டுமானால் பெருமைக்காக இருக்கலாம். குழந்தைகளுக்கென்று பூங்காக்களில் வெட்டிய குளங்களில் கட்டணமே இல்லை.

இதெல்லாம் நகராட்சியின் வேலை, சங்கங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். குளம் கட்டிவிட்டால் நீச்சல் தானாக வந்துவிடாது. வேலை முடிந்து வந்தவர்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும், மூழ்குபவரைக் காப்பாற்றும் பயிற்சி தந்ததும், பெண்களைக் குளத்துக்குக் கொண்டுவந்ததும் சங்கங்கள்தாம்.

வீண் செலவு என்பதைவிடக் கனமான குற்றச்சாட்டை வரலாற்றாசிரியர் ஹெல்முட் குரூபர் வைத்தார். மேலே இருந்த கட்சித் தலைமை, தொழிலாளர்களைத் தன் விருப்பப்படி சுத்தமான, ஒழுங்கான ‘புதிய மனிதர்’களாக வார்க்க முயன்றது என்பது அவர் கருத்து. இதை மறுக்க முடியாது. ஆஸ்திரியத் தொழிலாளர் விளையாட்டை வழிநடத்திய யூலியஸ் டாய்ச்சே கட்சியின் ஆயுதப் படைக்கும் தலைவர். விளையாட்டுக்கும் அணிவகுப்புக்கும் இடைவெளி குறைவு. சாதனை வெறியைப் பழித்தவர்கள் போட்டிகளில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கவும் இல்லை. 1925 ஃபிராங்க்ஃபர்ட் ஒலிம்பியாடில் ஜெர்மன் பெண்கள் தொடர் ஓட்டத்தில் உலகச் சாதனையை முந்தியதை மார்தட்டிக் கொண்டாடினார்கள். கட்சிச் சண்டையும் சங்கங்களுக்குள் வந்தது: 1928இல் ஜெர்மன் கூட்டமைப்பு கம்யூனிஸ்டுகளை வெளியேற்றியபோது, ஃபிக்டே என்ற பெர்லினின் பெரிய சங்கமும் வெளியே போனது. ஆனால் குரூபரின் வாதம் ஒன்றை விட்டுவிடுகிறது: விரும்பாதவரை யாரும் குளத்தில் தள்ளவில்லை. சந்தா கட்டி, வேலை செய்த களைப்போடு வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, கட்சியின் உபதேசத்தை வேண்டிய அளவே கேட்டிருப்பார்கள்.

1931இல் வியன்னா ஒலிம்பியாடுக்காகப் புதிய விளையாட்டரங்கமும் அதனருகே நீச்சல் வளாகமும் எழுந்தன. மூன்றாண்டுக்குள் எல்லாம் முடிந்தது. 1933இல் நாஜிகள் ஜெர்மன் சங்கங்களைக் கலைத்தார்கள். 1934 பிப்ரவரியில் சமூக ஜனநாயகவாதிகளோடு நடந்த ஆயுத மோதலுக்குப் பிறகு ஆஸ்திரியச் சான்சலர் டால்ஃபுஸின் அரசு அந்நாட்டுச் சங்கங்களைத் தடை செய்தது. குளங்களை மட்டும் மூடவில்லை.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் தொழிலாளர் கூட்டமைப்பு திரும்பி வரவில்லை. 1950இல் எல்லாரும் ஒரே பொது விளையாட்டு அமைப்பில் கலந்தார்கள். 1960இல் தொடங்கிய ‘தங்கத் திட்டம்’ ஊரெங்கும் பொதுக் குளங்களைக் கட்டியது. தேவை தீர்ந்ததால் சங்கமும் தீர்ந்தது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆஸ்திரியா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கும் பொதுக் குளங்களுக்குக் குறைவில்லை, ஆனால் ஆஸ்கோ என்ற தொழிலாளர் விளையாட்டு அமைப்பு 1945இலேயே மீண்டும் எழுந்து, கத்தோலிக்கர் சார்பான அமைப்புக்குப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. குளம் எல்லாருக்கும் பொதுவான பிறகும், யாரோடு சேர்ந்து நீந்துவது என்பது அங்கே இன்னும் ஒரு தேர்வாகவே இருக்கிறது.