கூச்ச சுபாவமும் சிறு வியாபாரமும்

(உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தவர்களில் சொந்தமாகச் சிறு தொழில் செய்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மாதுங்காவில் பட்சணம் செய்து தருகிறவர், மல்லேஸ்வரத்தில் வீணை கற்பிக்கிறவர், தில்லியில் ஓய்வுக்குப் பின் கணக்கு வழக்குப் பார்த்துத் தருகிறவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களில் பலருக்கும் கைத்திறமையில் குறைவில்லை. "என்னிடம் வாங்குங்கள்" என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை. நன்றாக நடந்திருக்க வேண்டிய தொழில் இந்த ஒரு காரணத்தால் ஓசைப்படாமல் நின்றுபோவதும் உண்டு.

கூச்சம் ஒரு குறை அல்ல. ஆனால் அமைதியாக இருப்பது வேறு, ஒருவர் கண்ணிலும் படாமல் இருப்பது வேறு. முன்னதை விடாமலே பின்னதைத் தவிர்க்க இன்டர்நெட் வழி செய்து கொடுத்திருக்கிறது.

முதல் வேலை, தேடி வருகிறவருக்கு நாம் அகப்பட வேண்டும். கூகுளில் 'பிசினஸ் புரொஃபைல்' என்று ஒரு வசதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. தொழிலின் பெயர், நேரம், தொலைபேசி எண், நாலு நல்ல படங்கள் போதும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். செம்பூரில் அதிரசம் கிடைக்குமா என்று ஒருவர் தேடும்போது உங்கள் பெயர் வந்தால், நீங்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அவர்தான் உங்களைத் தேடி வருகிறார்.

இரண்டாவது, விலை. நம்மில் பலருக்கு இதுதான் பெரிய தர்மசங்கடம். "நம்மாத்து மாமிதானே, பார்த்துப் போட்டுக் கொடுங்கோ" என்று ஒருவர் சொன்னால், அன்றைய லாபம் போயிற்று. வாட்ஸ்அப் பிசினஸ் 2018-ல் வந்தது. அதில் பொருள் பட்டியல் போடும் வசதி 2019-ல் சேர்ந்தது. பொருளின் படம், எடை, விலை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அங்கே எழுதி வையுங்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண்ணையும் போடுங்கள். அந்தப் பதிவு வீட்டில் செய்து விற்பவருக்கும் அவசியம். எழுதி வைத்த விலையை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவருக்கும் பேரம் பேசத் தோன்றாது.

மூன்றாவது, கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அதிகம் பேசாதவர்கள் பெரும்பாலும் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பவர்கள். இதுவே அவர்களுடைய மூலதனம். குழந்தைக்கு எந்த வயதில் வீணை ஆரம்பிக்கலாம், வீட்டில் தினம் எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும் என்று பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து வரியில் நேர்மையான பதில் எழுதி வைத்தால், அடுத்த முறை கேட்கிறவருக்கு அதையே அனுப்பலாம். படிக்கிறவருக்கு உங்கள் வித்தை புரிந்துவிடும்; தற்பெருமை தேவைப்படாது. வீடியோவில் முகம் காட்டக் கூச்சமா? கை முறுக்கு சுற்றுகிற விரல்களைக் காட்டினால் போதும்.

நான்காவது, அனுமதி. சேத் கோடின் என்ற அமெரிக்கர் 1999-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். கேட்க விரும்புகிறவருக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் விளம்பரம் போட்டால், நல்ல சரக்கானாலும் சலித்துப்போகும். அதற்குப் பதில், ஒருமுறை வாங்கியவரிடம், "பண்டிகை சமயத்தில் மட்டும் தகவல் அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றவர்களுக்கு கோகுலாஷ்டமிக்குப் பத்து நாள் முன்பு ஒன்று, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று. நம் பஞ்சாங்கமே நல்ல விளம்பர அட்டவணை! வேண்டாம் என்றவரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, வாங்கியவரின் அபிப்பிராயம். பொருள் போய்ச் சேர்ந்த மறுநாள், "பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள், குறை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்று லிங்க்குடன் ஒரு செய்தி அனுப்பினால் போதும். நேரில் கேட்க வேண்டாம். ஆனால் மச்சினரையும் நாத்தனாரையும் விட்டு எழுதச் சொல்லாதீர்கள். அபிப்பிராயத்துக்குச் சன்மானம் தருவதை கூகுள் அனுமதிப்பதில்லை. இணைய விமரிசனங்கள் நேர்மையாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-ல் ஒரு தரத்தை வெளியிட்டிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வழி மெதுவானது. அடுத்த மாத வாடகைக்கு இதை நம்ப முடியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் எப்படித் தெரிந்துகொண்டு வந்தார் என்று குறித்து வாருங்கள். ஆறு மாதத்தில் எது பலன் தருகிறது என்று விளங்கும். மற்றதை விட்டுவிடலாம்.

கடைசியாக, தொழில் செய்யாத மற்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர் என்று தள்ளுபடி கேட்காதீர்கள். நம்மவர் என்பதால் முழு விலை கொடுங்கள். பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். வாய் திறந்து கேட்கக் கூசுகிறவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.