அடுத்தவர் கதையைச் சொல்ல ஒரு வாய்



ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். இத்தனை மொழி பேசுகிறவர்கள் கலந்து வாழும் எல்லை ஊரில், ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துச் சொல்வது பெரிய காரியம். அதைப் பற்றிப் பேச, பைபிளில் வரும் ஒரு கிரேக்க வினைச்சொல்லைத் துணைக்கு அழைக்கிறேன்.

'தியேகெயோமாய்' என்பது அந்தச் சொல். 'தியா' என்றால் ஊடாக. 'ஹெகெயோமாய்' என்றால் முன்னே நின்று வழிநடத்துதல். கேட்பவரைக் கூடவே கூட்டிக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை விவரிப்பதுதான் இதன் பொருள். புதிய ஏற்பாட்டில் 8 இடங்களில் வருகிறது. அதில் 5 இடங்கள் லூக்கா எழுதிய நற்செய்தியிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் இருக்கின்றன.

கல்லறைகளில் அலைந்துகொண்டிருந்த ஒருவனை இயேசு குணமாக்குகிறார். அவன் கூடவே வருகிறேன் என்று மன்றாடுகிறான். நீ வீட்டுக்குப் போய், உனக்கு நடந்ததை விவரமாகச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அந்த இடத்தில் லூக்கா போடுவது இந்த வினைச்சொல். அவன் போய் ஊர் முழுக்கச் சொன்னதைக் குறிக்கும்போது, பறைசாற்றுவதற்கான வேறு சொல்லைப் போடுகிறார். ஊருக்கு அறிவிப்பு போதும். வீட்டாருக்கு விவரம் வேண்டும்.

இன்னோர் இடம். சிறையிலிருந்து தப்பிய இயேசுவின் சீடர் பேதுரு, இரவில் மரியாள் என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். குரலை அடையாளம் கண்ட ரோதை என்ற பெண், சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. பேதுரு தட்டிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் திறந்தவர்கள் திகைத்துப்போகிறார்கள். அவரோ பேசாதிருக்கும்படி கையமர்த்திவிட்டு, வெளியே வந்த விதத்தை விவரிக்கிறார். அங்கேயும் இதே சொல்தான்.

இப்படி விவரிக்கும் கலைக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரியவர் உண்டு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. சமஸ்கிருதம் தெரியாத வாசகர்களுக்காக பாரதத்தை 'வியாசர் விருந்து' என்றும், ராமாயணத்தை 'சக்கரவர்த்தித் திருமகன்' என்றும் கல்கி இதழில் எளிய தமிழில் சொன்னார். இரண்டாவது நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மொழி தெரியாதவர்களையும் கதைக்குள் கூட்டிப்போக முடியும் என்று காட்டியவர் அவர்.

ஆனால் இந்தச் சொல்லின் மிக உயர்ந்த பயன் பர்னபாவிடம் இருக்கிறது என்பேன். சீடர்களைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வருகிறான். எல்லாரும் பயந்து ஒதுங்குகிறார்கள். அவனே எவ்வளவு சொன்னாலும் எடுபட்டிருக்காது. சைப்ரஸ் தீவுக்காரரான பர்னபா அவனை அப்போஸ்தலர்களிடம் அழைத்துப்போகிறார். தமஸ்குவுக்குப் போன வழியில் அவனுக்கு நேர்ந்ததையும், அந்த ஊரில் அவன் துணிந்து பேசியதையும் அவனுக்காக விவரிக்கிறார். அதற்குப் பிறகுதான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பவுல் என்று உலகம் அறிந்தவர் அந்தச் சவுலே.

ஓசூரில் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஒரு பையன் வாடகைக்கு ரூம் கேட்டு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கார அம்மா தயங்குகிறார். அவனுக்குத் தமிழ் வராது. அப்போது கூட வேலை செய்யும் ஒருவர், "அக்கா, இவன் எங்க லைன்லதான் இருக்கான். அப்பா இல்ல, மாசாமாசம் அம்மாவுக்குப் பணம் அனுப்புறான். எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொன்னால், அந்த அம்மா மறுபடி யோசிப்பார். "நல்ல பையன்தான்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் அந்தத் தயக்கம் போயிருக்காது. விவரம்தான் நம்பிக்கையைக் கொண்டுவருகிறது.

வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நாம் சுலபமாகப் பரப்பிவிடுகிறோம். ஒருவரை உண்மையிலேயே அறிந்தவர் வாய்மூடி இருந்தால், வதந்திதான் அவருடைய வரலாறாகிவிடும். பேச மொழியில்லாமல் ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்றால், நீங்கள் அறிந்ததை அவருக்காக முழுசாகச் சொல்லுங்கள். அறிந்ததை மட்டும் சொல்லுங்கள். அது தயவு அல்ல, சாட்சியின் கடமை.