ஒரே அறையில் ஏழு பேர்



2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் நூற்றுக்கு 37 குடும்பங்கள் ஒரே அறையில்தான் வாழ்ந்தன. அப்போ ஒரு குடும்பத்துக்கு உத்தரப்பிரதேசத்தில் சராசரியா 6 பேர். நம்ம தமிழ்நாட்டில் 4 பேர்தான். ஆனா சராசரி வேற, நம்ம வீடு வேற.

எங்க வீட்டில் 7 பேர், ஒரே அறை. மாமியாருக்குக் காசநோய் வந்தப்போ, "காத்தோட்டம் வேணும், எல்லாரும் பரிசோதனை பண்ணிக்குங்க"ன்னு நர்சம்மா சொன்னாங்க. பெரிய மக துணி மாத்தணும்னா ஆம்பளைங்க வாசலுக்குப் போகணும். பத்தாவது பரீட்சைக்குத் தெருவிளக்கில் படிச்சா.

குழுக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பார்த்தா, 12 பேரில் 5 பேர் வீட்டிலும் இதே கதை! குழுக் கடன் 40,000 ரூபாய் வாங்கி, சுவரை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்டு, ஜன்னல் வெச்சு ஒரு அறை இறக்கினோம். இன்னும் 8 தவணை பாக்கி. மக இப்போ கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கிறா.

சகோதரிகளே, கடன் மனுவில் கறவை மாடு, கடை மட்டும்தான் எழுதணும்னு இல்லை. கூச்சப்படாம ஒரு அறையும் கேளுங்க.