காலத்தே சொல்லும் சொல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டிருக்கிறோம். நானோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். செகந்திராபாத்தில் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பிழைப்பவன். ‘இளமை, அன்பு, பயனுள்ள வாழ்வு’ என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். தலைப்பைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், “குடும்பத்தோடு வந்து அமரும் விழாவில் காதலைப்பற்றிப் பேசலாமோ?” என்று வினவினார். அவருக்கு நான் கூறிய விடையையே முன்னுரையாக வைக்கிறேன்.

திருவள்ளுவர் இயற்றிய 1330 குறட்பாக்களில் 250 பாக்கள் இன்பத்துப்பாலுக்கு உரியவை. குறுந்தொகை முழுவதும் அகப்பாட்டே. ஆகவே, காதலைப்பற்றிப் பேசத் தமிழன் கூசவேண்டியதில்லை. அதனினும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. நம் முன்னோர் அன்பின் ஐந்திணை வகுத்தபோது, பிரிவுக்கென்றே பாலை என ஒரு திணையை ஒதுக்கினர். பொருள் தேடுவதற்காகப் பிரிந்து செல்லுதலைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்றனர். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்நகருக்கு வந்து சேர்ந்த நாம் அனைவரும் அந்தத் திணையின் மக்களே அன்றோ? பிரிவும், பிரிவிடைப் பிறக்கும் வருத்தமும் நமக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல.

அன்பர்களே, நாம் வாழும் ஐதராபாத் நகரில் இரண்டு இல்லங்கள் உள்ளன. நம்மில் பலர் பேருந்தில் அவற்றைக் கடந்து சென்றிருப்போம். இளமைக் காதலைப்பற்றி நான் கூற விரும்புவதை அவ்விரண்டு இல்லங்களுமே கூறிவிடும்.

முதலாவது, கோட்டியில் உள்ள பழைய ரெசிடென்சி மாளிகை. நெடுங்காலம் பெண்கள் கல்லூரியாக விளங்கி, 2022-ஆம் ஆண்டில் பெண்கள் பல்கலைக்கழகமாக உயர்ந்த அதே வளாகம்தான். அம்மாளிகையை எழுப்பியவர் ஜேம்ஸ் அக்கிலீஸ் கிர்க்பாட்ரிக். ஆங்கிலேயராயினும் அவர் பிறந்தது நம் சென்னைக் கோட்டையில், 1764-ஆம் ஆண்டில். 1798 முதல் 1805 வரை நிஜாமின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். ஐதராபாத்தின் உயர்குடியில் பிறந்த கைருன்னிசா என்னும் பெண்மீது அவர் காதல் கொண்டார். அவளைப் பாட்டனார் வேறொருவருக்குப் பேசிமுடித்திருந்தார். இன்றைய சட்டமும் மனச்சாட்சியும் திருமணத்திற்கு ஒப்பாத இளவயது அவளுக்கு. ஆயினும் அவளுடைய தாயும் பாட்டியும் துணைநின்றனர். இசுலாமிய முறைப்படி திருமணம் நடந்தது. செய்தி கல்கத்தாவை எட்டியது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். கிர்க்பாட்ரிக்கின் பதவியே ஆட்டங்கண்டு, பின்னர் ஒருவாறு நிலைத்தது.

1801-இல் ஒரு மகனும், 1802-இல் ஒரு மகளும் பிறந்தனர். இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கம்பெனியின் உயர்ந்த உத்தியோகங்கள் கிடையா என்று அக்காலத்தில் விதிசெய்திருந்தனர். எனவே பிள்ளைகளை இங்கிலாந்தில் வளர்ப்பதே நலம் என்று தந்தை முடிவுசெய்தார். 1805-ஆம் ஆண்டில், நான்கு வயது மகனும் மூன்று வயது மகளும் சென்னையில் கப்பல் ஏற்றப்பட்டனர். புறப்படுமுன் ஜார்ஜ் சின்னரி என்னும் ஓவியர் அவ்விருவரையும் ஐதராபாத் உடையிலேயே நிறுத்தி ஓவியம் தீட்டினார். அவ்வோவியம் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், நோயுற்றிருந்த தந்தை கல்கத்தாவில் தமது 41-ஆம் வயதில் காலமானார். கைருன்னிசாவுக்கு அப்போது இருபது வயதும் நிறையவில்லை. கணவரின் கல்லறையைக் காணக் கல்கத்தா சென்ற அவ்விளம் விதவைக்கு, கணவரின் கீழ்ப் பணியாற்றிய ஹென்றி ரஸ்ஸல் அடைக்கலம்போல் அமைந்தார். சில காலத்திற்குள் அவரும் கைவிட்டு வேறு மணம் செய்துகொண்டார். மசூலிப்பட்டினத்தில் தனித்து நாட்களைக் கழித்து, மீண்டும் ஐதராபாத் வந்து, 1813-ஆம் ஆண்டு செப்டம்பரில், 27 வயதில், அவ்வம்மையார் கண்மூடினார். பெற்ற பிள்ளைகளை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை.

இரண்டாவது இல்லம், நாம்பள்ளி நிலையச் சாலையில் உள்ள ‘கோல்டன் திரெஷோல்ட்’. தமிழில் ‘பொன் வாயில்’ எனலாம். கவிக்குயில் சரோஜினி தேவியாரின் இல்லம் அது. 1974-இல் தோன்றிய ஐதராபாத் பல்கலைக்கழகம் முதன்முதலாக இயங்கியதும் அவ்விடத்திலேதான். தந்தையார் அகோரநாத் சட்டோபாத்தியாயர், ஐதராபாத்தில் கல்லூரி நிறுவிய வங்காளி அந்தணர். மகள் பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிப் புகழ்பெற்றாள். பதினைந்து வயதளவில் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடு அவர்களை மணக்க விரும்பினாள். மொழி வேறு, சாதி வேறு, வயதும் சிறிது. 1895-இல் நிஜாமின் உதவிப் பணத்தில் அவள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டாள். இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றாள். மூன்றாண்டுகள் கழிந்தன; கடல் நடுவே இருந்தது; எண்ணம் மாறவில்லை. 1898-இல் திரும்பியவுடன், அதே ஆண்டு டிசம்பரில் சென்னை நகரில், 1872-ஆம் ஆண்டுச் சிவில் திருமணச் சட்டப்படி, கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று நடத்த, திருமணம் நிறைவேறியது. நான்கு மக்கள் பிறந்தனர். அவ்வில்லத்திலிருந்து புறப்பட்ட அம்மையார்தாம் 1925-இல் கான்பூர்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1930-இல் தராசனாவில் உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்திச் சென்றார்.

இரு கதைகளும் நம் சென்னையைத் தொட்டுச் செல்வதைக் கவனியுங்கள். ஒன்றில் சென்னைத் துறையில் குழந்தைகள் கப்பலேறிச் சென்றனர். மற்றொன்றில் சென்னை நகரில் காதலர் கைப்பிடித்தனர். முன்னவர் அன்பு குறைந்தவர், பின்னவர் அன்பு மிகுந்தவர் என்று கூற நான் முன்வரவில்லை. கிர்க்பாட்ரிக் தம் பதவியையே பணயம் வைத்தவர். பின் எங்கே வேறுபாடு? முதற் கதையில் கைருன்னிசாவின் வாழ்வைப்பற்றிய முடிவுகளைப் பெரும்பாலும் பிறரே எடுத்தனர்: கம்பெனியின் விதி, கணவரின் கவலை, காவலர்களின் கட்டளை. இரண்டாங் கதையில் அப்பெண் தன் எண்ணத்தைத் தானே சொன்னாள், ‘காத்திரு’ என்ற சொல்லையும் கேட்டாள், காத்திருந்தாள், மீண்டுவந்தபோதும் அதையே சொன்னாள். பெற்றோரும் கேட்டனர். வாய்விட்டுச் சொல்வதற்கு ஒருத்தி, செவிகொடுப்பதற்கு ஒரு வீடு. இவ்விரண்டும் ஒருங்கே கூடிய இடத்தில் காதல் இல்லறமாக முதிர்ந்தது.

வருத்தம் என்பதுபற்றிச் சிறிது கூறுவேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலறிஞர் இருவர் 1990-களில் இதனை ஆராய்ந்தனர். குறுகிய காலத்தில் மனிதரை மிகுதியும் வருத்துவது, செய்துவிட்ட செயல். வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போதோ, செய்யாமல் விட்ட செயலே மிகுதியும் வருத்துகிறது என்று அவர்கள் கண்டனர். செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். செய்யாது விட்டதற்கு எல்லையே இல்லை. ‘அவ்வாறு செய்திருந்தால்’ என்று மனம் வளர்த்துக்கொண்டே போகும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்குமுன் மெட்டுகூடாவில் ஓர் அறையில் நாங்கள் நால்வர் தங்கியிருந்தோம். அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், நல்ல உழைப்பாளி, மாதந்தோறும் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அடுத்த தெருவில் தெலுங்குக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பள்ளி ஆசிரியை. இருவர் மனமும் ஒத்தன. “உங்கள் வீட்டில் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் நான் சொல்கிறேன்” என்பது அப்பெண்ணின் வேண்டுகோள். நண்பரோ, “தங்கை திருமணம் முடியட்டும்” என்றார், முடிந்தது. “இலாகாத் தேர்வு முடியட்டும்” என்றார், அதுவும் முடிந்தது. “பதவி உயர்வு வரட்டும்” என்றார். மூன்றாண்டுகள் சென்றபின், அப்பெண்ணுக்கு வேறிடத்தில் திருமணமாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு நண்பரின் தந்தையார் இங்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் இச்செய்தி அவர் செவியில் விழுந்தது. வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாய்யா? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தந்தை மறுப்பார் என்று மகன் தானே முடிவு கட்டியிருந்தான். மகன் மனத்தில் ஒன்று இருக்கிறதா என்று தந்தையும் கேட்டதில்லை. இருவரும் நல்லவர்கள். நல்லவர் இருவரின் நடுவே ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. வந்து சேர்ந்த பார்சலை உரிய நேரத்திற்குள் எடுத்துச் செல்லாவிட்டால் வார்ஃபேஜ் என்று கட்டணம் ஏறும். நாள் ஆக ஆக, சில வேளைகளில் சரக்கின் விலையையும் மிஞ்சிவிடும். சொல்லாத சொல்லுக்கும் அவ்வாறே கட்டணம் ஏறுகிறது என்பதை அன்று அந்தப் பெரியவரின் முகத்தில் கண்டேன்.

ஆனால், காலம் கடந்த சொல்லுக்குப் பயனே இல்லை என்று எவரும் மனம் சோரவேண்டாம். ரெசிடென்சிக் கதைக்கு இன்னும் ஒரு பகுதி உண்டு. மூன்று வயதில் கப்பலேறிய மகள் கிட்டி என்ற பெயரோடு இங்கிலாந்தில் வளர்ந்தாள். அண்ணன் 1828-இல் இறந்தான். அவளுக்கு மணமாயிற்று, மக்களும் பிறந்தனர். பிற்காலத்தில் ஒருநாள், ஒரு வீட்டுச் சுவரில் சின்னரியின் அந்த ஓவியத்தைக் கண்டு கண்ணீர் சொரிந்தாள். அதன்பின், தன் தாயைப் பெற்ற பாட்டி ஐதராபாத்தில் உயிரோடு இருப்பதை அறிந்து, 1841-இல் கடிதம் எழுதினாள். கப்பல் ஏறி முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவளுக்குப் பாரசீகம் தெரியாது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பிறர் மொழிபெயர்த்துக் கொடுக்க, சில ஆண்டுகள் அக்கடிதங்கள் போய்வந்தன. இருவரும் நேரில் காணவில்லை. ஆயினும் தாய் தன்னை மறக்கவில்லை என்பதை ஒரு மகளும், மகளின் மகள் தன்னைத் தேடுகிறாள் என்பதை ஒரு முதியவளும் அறிந்தனர். அது சிறிய ஆறுதலா?

ஆகவே, இளைஞர்களே, நங்கையரே! உங்கள் உள்ளத்தில் ஒருவர்மீது அன்பு இருக்குமாயின், அதனை மறைத்து வளர்க்காதீர்கள், ஓடியும் போகாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். “பொறு” என்றால், படித்து, வேலை தேடி, பொறுத்துப் பாருங்கள். மூன்றாண்டுப் பிரிவில் கரைந்துபோவது காதல் அன்று. கரையாது நிற்பதைப் பெற்றோரும் மதிப்பர். மறுபுறத்தார் ‘விருப்பமில்லை’ என்று கூறினால், அச்சொல்லை மதித்து விலகுவதும் அன்பின் இலக்கணமே.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் தெலுங்கும் உருதும் பேசும் தோழர்களோடு வளர்ந்தவர்கள். நம் ஊர்த் தெருவில் நாம் வளர்ந்ததுபோல் அவர்கள் வளரவில்லை. அவர்கள் வாய்திறந்து சொல்லும் துணிவை நாம்தாம் தரவேண்டும். ‘சொன்னால் அப்பா என்ன செய்வாரோ’ என்ற அச்சம் உள்ள வீட்டில் உண்மை தங்காது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1954-இல் தனித் திருமணச் சட்டம் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வீட்டுக் கதவை நாம்தாம் திறக்கவேண்டும். உடனே ஒப்புக்கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை. முதலில் அமரச்செய்து கேளுங்கள். கேட்பதனால் எந்தக் குடும்பத்தின் மானமும் குறைந்ததில்லை.

காதல் என்பது மணமக்களோடு முடிவதும் அன்று. ஊரில் தாயும் தந்தையும் முதுமையில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வருவோம், பொங்கலுக்கு வருவோம் என்று பயணத்தைத் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறோம். பணம் அனுப்புகிறோம்; அது கடமை. ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது நம் முகத்தை. மனத்தாங்கலால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தாரும் நம்மில் சிலருக்கு இருக்கக்கூடும். இன்றிரவு வீடு திரும்பியதும், இவர்களில் ஒருவரையேனும் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். என்ன செய்தி என்று கேட்டால், செய்தி ஒன்றுமில்லை, குரல் கேட்கவே அழைத்தேன் என்று சொல்லுங்கள்.

பயனுள்ள வாழ்வு என்பதற்குப் பெரியோர் பல இலக்கணம் கூறுவர். என் சிற்றறிவுக்கு எட்டிய இலக்கணம் இதுவே: சொல்லவேண்டியவரிடம் சொல்லவேண்டியதைக் காலத்தே சொல்லி, கேட்கவேண்டியதைப் பொறுமையோடு கேட்டு, ஏற்ற பொறுப்பை முடித்துவைத்தல். இளமையில் இதனைப் பழகிக்கொண்டவருக்கு முதுமையில் வருத்தம் வந்தாலும், அது தாங்கக்கூடிய அளவினதாக இருக்கும்.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!